அம்மாவின் பட்டன், அப்பாவின் அரம், ஒரு சிவப்பு கிடார்!

வீட்டில் காலுடைந்த பழைய மேஜை ஏதாவது இருக்கிறதா? ஓடாத மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங்? அம்மாவின் தையல் பெட்டி? ஸ்வெட்டர் பின்னும் ஊசி? எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இந்த வாரம் எலெக்ட்ரிக் கிடார் செய்யப் போகிறோம்!

சிரிக்காதீங்க பாஸ். நிஜமாகவே ஒருத்தர் செய்திருக்கிறார். அப்போது அவருக்கு வயசு பதினாறு.

1963 ஆகஸ்ட். லண்டனுக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்று ஓர் ஊர். ஒரு சின்ன வீடு, நடுத்தரக் குடும்பம், ஒரே பையன். பெயர் பிரையன் மே. அப்பா ஹெரால்ட் மே அரசாங்கத்தின் விமானத் துறையில் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி. வீட்டு ரேடியோ, டி.வி. எல்லாம் கடையில் வாங்கியதில்லை. அப்பாவே உட்கார்ந்து பற்ற வைத்தது. அப்படிப்பட்ட வீட்டில் பையன் "அப்பா, எனக்கு எலெக்ட்ரிக் கிடார் வேணும்" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அதேதான். வாங்க முடியாது... செய்யலாம்!

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஃபெண்டர், கிப்ஸன் கிடார்களின் விலை அந்தக் குடும்பத்துக்குக் கனவில்கூட எட்டாது. பையனிடம் இருந்தது ஏழாவது பிறந்த நாளுக்குக் கிடைத்த ஒரு சாதாரண மரக் கிடார். அதில் காந்தத்தையும் தாமிரக் கம்பியையும் வைத்து ஒரு பிக்கப் செய்து, அப்பா செய்த ரேடியோவில் சொருகி, வீட்டை ஏற்கெனவே அலற வைத்தவர்தான் இவர். அதனால் அப்பாவும் பையனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடையில் இருப்பதைப் பார்த்துக் காப்பி அடிப்பதில்லை. அதைவிட நன்றாக ஒன்று செய்வது!

தெனாவெட்டுதான். ஆனால் வேலையைப் பாருங்கள்.

குடம் பாதி, கட்டை பாதி

முதலில் ஒரு சின்ன பாடம். வீணையைப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். பலா மரத்தைக் குடைந்த குடம், உள்ளே வெற்றிடம். கம்பி அதிர்ந்தால் குடமும் அதன் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிரும். அதனால்தான் சத்தம் சபைக்குக் கேட்கிறது. சாதாரண மரக் கிடாரும் இதே ஜாதிதான்.

எலெக்ட்ரிக் கிடாருக்குக் குடம் தேவையில்லை. கம்பிக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பிச் சுருள். இதுதான் பிக்கப். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. குடம் இருந்தால் உண்மையில் தொல்லைதான். ஸ்பீக்கரில் வரும் சத்தம் குடத்தை ஆட்டும், குடம் கம்பியை ஆட்டும், கம்பியின் ஆட்டம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும்... சுற்றிச் சுற்றி 'ஊஊஊ' என்று ஓர் ஊளை! காலேஜ் கல்ச்சுரல்ஸில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக் காதைப் பொத்த வைத்த செயலாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமாசாரம்தான்.

சரி, குடமே வேண்டாம், முழுக் கட்டையில் செய்துவிடலாம் என்று அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கலைஞர் 1940 வாக்கில் கிளம்பினார். நியூயார்க்கில் எபிஃபோன் கிடார் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் புகுந்து, நாலு அங்குலச் சதுரக் கட்டையில் பிக்கப்பையும் கம்பியையும் பொருத்தினார். வாசித்துக் காட்டினால் ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய கிடார் ஒன்றை இரண்டாக அறுத்துக் கட்டைக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். அதே சத்தம், இப்போது கைதட்டல்! இதை அவரே பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். 1958-ல் கிப்ஸன் கம்பெனி வெளியிட்ட ஈ.எஸ்.335 கிடாரும் ஏறக்குறைய இதே உத்திதான்: நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் வெற்றிடம். கட்டை ஊளையை அடக்கும்; வெற்றிடம் கொஞ்சம் உயிர் கொடுக்கும். இதைத்தான் செமி-ஹாலோ என்கிறார்கள். பாதிக் குடம் என்று வைத்துக்கொள்வோமே.

நம்ம ஃபெல்தம் பையனுக்கு ஆசை இன்னும் ஒரு படி மேலே. எல்லோரும் ஊளையை ஒழிக்கப் பார்த்தபோது, அதைப் பழக்கி ராகமாக வாங்க முடியுமா என்று யோசித்தார். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நின்றால் நோட்டு அணையாமல் நீள வேண்டும், பாட வேண்டும். அதற்காகவே உடம்புக்குள் காற்றறைகள் வைத்து வரைபடம் போட்டார். வயலினில் இருக்கிற மாதிரி மேலே 'எஃப்' வடிவத் துளை ஒன்றும் வெட்டுவதாக இருந்தது. கடைசியில் வெட்டவில்லை. அதனால் இன்று வரை அந்தக் கிடாரை வெளியிலிருந்து பார்த்தால் முழுக் கட்டை மாதிரிதான் இருக்கும். உள்ளே பொந்து இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டு துளைத்த கழுத்து

குளிர் நாட்டு வீடுகளில் சுவரோடு ஒரு கணப்பு அடுப்பு இருக்கும். அதன் தலைக்கு மேலே அலங்காரமாக ஒரு மரச் சட்டம். குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு மகோகனிச் சட்டத்தைக் கழற்றித் தூக்கிப் போட இருந்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழசு என்று கணக்கு. அது பிரையன் கைக்கு வந்தது. கிடாரின் கழுத்து ரெடி!

ரெடி என்று சும்மா சொல்லிவிட்டேன். கட்டையில் வண்டு துளைத்த ஓட்டைகள். அதில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். பிறகு கையாலேயே செதுக்கல். மெஷின் கிடையாது, உளி, பேனாக்கத்தி, உப்புத்தாள். பழைய மரத்தில் ஒரு வசதி: நூறு வருஷம் அடுப்பு மேலேயே காய்ந்ததால், இனிமேல் முறுக்கிக்கொள்ள அதில் ஈரம் இல்லை. பச்சை மரத்தில் கழுத்து செய்தால் ஆறே மாசத்தில் வில்லாக வளைந்து நிற்கும்.

கழுத்தின் மேலே பதிக்கும் பலகைக்கு ஓக் மரம். அதில் 24 ஃப்ரெட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். இந்த இடத்தில் மட்டும் தமாஷ் நடக்காது, கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் கம்பியின் நீளம் ஒரே விகிதத்தில், கிட்டத்தட்ட 5.6 சதவீதம், குறைய வேண்டும். பிரையனின் கிடாரில் கம்பி நீளம் 24 அங்குலம். முதல் ஃப்ரெட் சுமார் 1.35 அங்குலத்தில், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 12 அங்குலத்தில், இருபத்து நாலாவது 18 அங்குலத்தில். ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் ஆயுசுக்கும் அபஸ்வரம்! லாகரிதம் எதுக்கு சார் படிக்கணும் என்று பிளஸ் ஒன்னில் கேட்டீர்களே... இதற்கும்தான்.

எத்தனையாவது ஃப்ரெட் என்று அடையாளம் காட்ட வெள்ளைப் புள்ளிகள் வேண்டுமே? அம்மாவின் தையல் பெட்டியில் முத்துச்சிப்பி பட்டன்கள் இருந்தன. இருந்தன என்று இறந்த காலத்தில்தான் சொல்ல முடியும்.

உடம்பின் நடுக்கட்டை, பழைய மேஜை ஒன்றிலிருந்து வந்த ஓக். சுற்றிலும் பிளாக்போர்டு. கரும்பலகை இல்லீங்க, மரச் சட்டங்களை அடுக்கி மேலும் கீழும் தகடு ஒட்டிய பலகை, நம்ம ஆசாரிகள் கதவுக்குப் போடுவார்களே, அது. மேல் முகத்துக்கும் பின் முகத்துக்கும் மகோகனி வெனீர், அதாவது மரத்தையே தோல் மாதிரி மெல்லிசாகச் சீவிய தகடு. விளிம்பைச் சுற்றி அலமாரித் தட்டுக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. நல்லா கவனியுங்கள், இந்த மரம் எதுவும் இசைக் கருவிக் கடையில் வாங்கியதில்லை!

பைக்கும் சைக்கிளும் பின்னல் ஊசியும்

கிடாரில் ஒரு நீளக் கம்பி தொங்கும். அதை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் ஒரே நேரத்தில் தளர்ந்து 'ட்வாங்ங்' என்று ஸ்வரம் குழையும். ட்ரெமலோ என்று பெயர். அந்தக் காலத்துக் கம்பெனி கிடார்களில் இதற்கு ஒரு கெட்ட பழக்கம்: ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டால் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாது. காரணம் உராய்வு. தந்தி எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும்.

பிரையன் பிசிக்ஸ் பையன். உராய்வுதானே பிரச்னை? எடுத்துவிடு! பழைய எஃகுக் கத்தி ஒன்றின் விளிம்பின் மேல் மொத்த ட்ரெமலோவையும் தராசு முள் மாதிரி நிறுத்தினார்கள். தந்திகள் உரசும் இடத்திலெல்லாம் சின்னச் சின்ன உருளைகள். தந்திகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பாக இரண்டு வால்வு ஸ்ப்ரிங், 1928-ம் வருஷத்து பேந்தர் மோட்டார் சைக்கிளிலிருந்து. கையால் பிடித்து அழுத்தும் கம்பி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனியில் கை வழுக்காமலிருக்க ஒரு குமிழ்: அம்மாவின் பின்னல் ஊசியின் முனை.

அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பட்டன் போச்சு, ஊசி போச்சு, ஒரு ரூம் முழுக்க மரத்தூள்... எந்த வீட்டு அம்மா இரண்டு வருஷம் சும்மா இருப்பார்?

பிக்கப்பையும் வீட்டிலேயே செய்தார்கள். பட்டன் காந்தங்கள் வாங்கி, கையால் சுற்றும் ஒரு சின்ன மெஷினும் தயாரித்து, முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள். சத்தம் அபாரம். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைத்தால் ஓர் இரைச்சல் வந்தது. காந்தங்களின் வடக்கு - தெற்கு அமைப்பு அப்படி. தந்தி ஒரு துருவத்தை விட்டு நகர்ந்ததும் குட்டு வெளியாகிவிட்டது. கிடாரில் ஸ்வரத்தை வளைக்க முடியாவிட்டால் அப்புறம் என்ன கிடார்? மாசக்கணக்கான உழைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, லண்டனில் பர்ன்ஸ் கம்பெனியின் ட்ரை-சானிக் பிக்கப் மூன்று வாங்கிப் போட்டார்கள். அதையும் சும்மா விடவில்லை. உள்ளே சுருள் ஆடிக் கீச்சிடக் கூடாது என்று அரால்டைட் ஊற்றி உறைய வைத்தார் பிரையன். நம்ம வீட்டில் உடைந்த பக்கெட்டுக்குப் போடுவோமே, அதே அரால்டைட்!

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டில் செய்தே தீருவேன் என்று வீம்பு பிடிக்கவில்லை பாருங்கள். எது நன்றாக இருக்கிறதோ அது.

மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியே ஆன் - ஆஃப் சுவிட்ச். கூடவே ஒவ்வொன்றுக்கும் இன்னொரு சுவிட்ச், மின்சாரத்தின் திசையைத் தலைகீழாக்க. இரண்டு பிக்கப்பும் ஒரே திசையில் வேலை செய்தால் சத்தம் கனமாக வரும். ஒன்றைத் திருப்பிவிட்டால் இரண்டுக்கும் பொதுவானது அடிபட்டுப்போய், வித்தியாசம் மட்டும் மூக்கால் பேசுகிற மாதிரி மெல்லிசாக வரும். ஆறே சுவிட்ச், ஏகப்பட்ட குரல்கள்.

சாயம் ஏறும் நேரம்

இப்போது நம்ம கதாநாயகன் கலருக்கு வருகிறார்.

மரத்துக்கு நிறம் கொடுக்க இரண்டு வழி. ஒன்று பெயின்ட். அடித்தால் மரம் மறைந்துவிடும், நம்ம தப்பும் மறைந்துவிடும். இன்னொன்று சாயம். அது நாருக்குள் இறங்கும். மரத்தின் ரேகைகள் எல்லாம் பளிச்சென்று வெளியே வரும். கூடவே நாம் செய்த தப்பும் பளிச்! உப்புத்தாளைக் குறுக்கே தேய்த்திருந்தால் ஒவ்வொரு கீறலும் கறுப்புக் கோடாகத் தெரியும். பசை எங்காவது சிந்தியிருந்தால் அந்த இடம் சாயத்தைக் குடிக்காது, வெள்ளைத் தேமல் மாதிரி நிற்கும். ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு புத்தக ஷெல்ஃபுக்குச் சாயம் போட்டு, நட்ட நடுவில் என் கட்டைவிரல் ரேகையே பசைக் கறையாகத் தெரிந்த அனுபவம் அடியேனுக்கு உண்டு. திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி.

நீங்களும் செய்து பார்க்கலாம். கிடாரெல்லாம் அப்புறம், முதலில் ஆசாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு மரத்துண்டு போதும். 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 180, பிறகு 220. ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அப்புறம் ஈரத்துணியால் ஒரு தடவை துடையுங்கள். இவ்வளவு நேரம் வழவழவென்று இருந்த மரம் குளிரில் புல்லரித்த மாதிரி சொரசொரக்கும். பயப்படாதீர்கள், நார் எழுந்து நிற்கிறது. காய்ந்ததும் லேசாக ஒரு தேய். இதை இப்போது செய்யாவிட்டால் தண்ணீரில் கரைத்த சாயம் போட்டதும் அது எழுந்து நின்று மானத்தை வாங்கும். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, துணியில் சாயம் தொட்டு நீளவாக்கில் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தி டீ குடிக்கப் போனால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். மிச்சத்தைத் துடைத்துவிட்டுக் காய விடுங்கள்.

காய்ந்ததும் பார்த்தால் மனசு உடைந்துவிடும். வெளுத்துப் போய், தூசி படிந்த மாதிரி, 'இதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்' என்று இருக்கும். ஆனால் முதல் கோட்டிங் வார்னிஷ் பட்டவுடன்... ஆஹா! தண்ணீரில் போட்ட கூழாங்கல் மாதிரி உள்ளிருந்து நிறம் பொங்கி வரும்.

செமி-ஹாலோ கிடாரில் இன்னும் இரண்டு கண்டங்கள் உண்டு. 'எஃப்' துளை வெட்டியிருந்தால் அதன் ஓரங்களில் மரத்தின் குறுக்குவெட்டு தெரியும். அங்கே நார்க் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டிருப்பதால் சாயத்தைக் குடித்துக் குடித்துக் கறுத்துப்போகும். இரண்டாவது, வெனீர். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காத தோல் அது. உப்புத்தாளை உற்சாகமாக நாலு இழுப்பு அதிகம் இழுத்தால் உள்ளே இருக்கும் பலகை எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம் உலகத்தில் எந்தச் சாயமும் காப்பாற்றாது.

சாயத்துக்கும் ஒரு குட்டிக் கதை உண்டு. 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயசுப் பையன், ஈஸ்டர் லீவில் வீட்டு மாடியில் மலேரியாவுக்குக் குவினைன் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தான். குவினைன் வரவில்லை. கறுப்பாக ஒரு கசடு வந்தது. கழுவினால் ஊதா! செயற்கைச் சாயங்களின் காலம் அங்கேதான் ஆரம்பம். கிடார் மரத்துக்குப் போடும் அனிலின் சாயங்களெல்லாம் அந்த வம்சம். அவன் அப்பா கட்டட வேலை செய்பவர். பையன் கெமிஸ்ட்ரி படிப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாயப் பட்டறை வைக்கிறேன் என்று பையன் வந்து நின்றபோது, சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். பெர்கின் படித்த ராயல் கெமிஸ்ட்ரி கல்லூரி பிற்பாடு இம்பீரியல் கல்லூரியின் ஒரு பகுதியானது. நம்ம பிரையன் பிசிக்ஸ் படித்ததும் அதே இம்பீரியலில்தான்!

சாயத்தில் எல்லாமே நிலைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1958 முதல் 1960 வரை வந்த கிப்ஸன் லெஸ் பால் கிடார்களின் ஓரங்களில் செர்ரிச் சிவப்பு. வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தச் சிவப்பு மங்கி, ஒன்று தேன் நிறமாக, இன்னொன்று டீ நிறமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமானது. கம்பெனிக்குத் தலைவலி, வேறு சிவப்புக்கு மாறினார்கள். இன்று அந்த வெளுத்துப்போன கிடார்களுக்குத்தான் கொள்ளை விலை. காலக் கொடுமை!

பிரையன் கிடாருக்குப் போட்டது செம்பழுப்புச் சாயம். அதன் மேல் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங். இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் கெட்டியாகிக் கண்ணாடி மாதிரி ஆகும் சமாசாரம். பூசு, காய விடு, தேய், மறுபடி பூசு. இப்படி எத்தனையோ அடுக்குகள். கடைசியில் பாலீஷ். தீயணைப்பு வண்டிச் சிவப்பை நினைக்காதீர்கள். பழைய வீட்டு ஊஞ்சல் பலகை, தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஒரு நிறத்துக்கு வந்திருக்குமே... அது. அந்த நிறத்தால்தான் கிடாருக்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷ வேலை. மொத்தச் செலவு எட்டு பவுண்டு என்று சொல்வார்கள்.

அப்பா பேசவில்லை

இனிமேல்தான் கதை.

பிரையன் இம்பீரியலில் 1968-ல் பட்டம் வாங்கி, பிஎச்.டி. சேர்ந்தார். ஆராய்ச்சி, சூரியனைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் விண்வெளித் தூசியைப் பற்றி. அப்பாவுக்குப் பெருமை. ஆனால் சாயங்காலமானால் பையன் அந்தச் சிவப்புக் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 1970-ல் நண்பர்களோடு 'குவீன்' என்று ஒரு குழு. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, ஜான்சிபாரில் பிறந்து நம்ம பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்தவர். 1974-ல் தீஸிஸை அப்படியே போட்டுவிட்டு பிரையன் முழு நேரம் கிடாரோடு போய்விட்டார்.

ஹெரால்ட் மேக்குத் தாங்கவில்லை. படிக்க வைத்த அப்பா அவர். 'இவ்வளவு படிச்சுட்டுக் கூத்தாடப் போறியா?' என்கிற கோபம். கொஞ்ச காலம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று பிரையன் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இசை வேண்டாம் என்று சொன்ன அப்பா இல்லை இவர். பதினாறு வயசில் பையனோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியும் முடுக்கியவர். கிடாரைக் கையில் கொடுத்தவரும் இவர்தான், அதை வாசிக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டவரும் இவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொழுதுபோக்கு என்று நினைத்துச் செய்த சாமான் பையனையே கூட்டிக்கொண்டு போய்விட்டால் எந்த அப்பாவுக்கும் திக்கென்றுதான் இருக்கும். தான் கொடுத்த வேலைத்திறனெல்லாம் வேறு திசைக்குப் போகிறதே என்ற ஆற்றாமை வேறு.

1975-ல் 'பொஹீமியன் ராப்ஸடி' வந்தது. அந்த நடுப்பகுதி கிடார் பாடுகிறதே, அதுதான் கணப்பு அடுப்புச் சட்டம். பிரையன் வாசிப்பது பிளாஸ்டிக் மீட்டுக்கட்டையால்கூட இல்லை. ஆறு பென்ஸ் காசால். அதன் விளிம்பில் உள்ள ரம்பப் பல் தந்தியைச் சுரண்டும்போது வரும் கரகரப்பு அவருக்குப் பிடிக்கும். 1980-ல் அரசாங்கம் அதைச் செல்லாக் காசாக்கியது. பிரையன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார்.

1977-ல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன் கச்சேரி. பிரையன் அப்பாவையும் அம்மாவையும் கான்கார்டு விமானத்தில் வரவழைத்தார். விமானத் துறையிலேயே வேலை பார்த்த மனுஷர், ஒலியைவிட வேகமாகப் பறந்து போய் இறங்கினார். அரங்கம் நிரம்பி வழிகிறது. மேடையில் தன் வீட்டு ரூமில் அறுத்துத் தேய்த்த அந்தச் சிவப்புக் கிடார். கச்சேரி முடிந்ததும் அப்பா மேடைக்குப் பின்னால் வந்து, பையனுக்குக் கை கொடுத்தார். இப்போது புரிகிறது என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம்.

ஹெரால்ட் மே 1988-ல் காலமானார். 2002 ஜூனில் எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று பிரையன் தேசிய கீதம் வாசித்தபோது, தோளில் தொங்கியது அதே கிடார்தான். 2007-ல், முப்பது வருஷத்துக்கும் மேல் தூசி படிந்து கிடந்த அந்த விண்வெளித் தூசித் தீஸிஸை எடுத்து முடித்து, அறுபது வயசில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். அப்பா கேட்டது இரண்டில் ஒன்றுதான். பையன் இரண்டையும் முடித்தபோது பார்ப்பதற்கு அவர் இல்லை.

சரி, நீங்கள் சாயம் பூசி வைத்த அந்த மரத்துண்டு இந்நேரம் காய்ந்திருக்கும். வெளுப்பாகத்தான் இருக்கும், மனசு உடையாதீர்கள். வார்னிஷ் டப்பாவைத் திறங்கள். அப்பா வீட்டில் இருந்தால், ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டமில்லாமல் பூச வேண்டும்.